தாய்லாந்தின் பங்ஙா விரிகுடாத் தீவுகளுக்கு ஒரு நாள் தனிப் படகு எடுப்பது பணத்துக்குத் தகுமா?

கேட்டிருப்பவருடன் வருபவர்கள் அறுபத்தைந்தைக் கடந்த பெற்றோர், கணவர், எட்டு வயது மகள். புக்கெட்டில் நான்கு நாள் தங்குகிறார்கள். அதில் ஒரு நாளைத் தீவுகளுக்கும் கடற்குகைகளுக்கும் ஒதுக்க நினைக்கிறார்கள். முப்பது நாற்பது பேர் ஏறும் பெரிய படகில் போகலாமா, தனிப் படகு அமர்த்தலாமா என்பது கேள்வி.

தனிப் படகே எடுங்கள். ஆனால் படகுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாள்காட்டியைத் திறந்து, நீங்கள் போகும் வாரத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். நாள் தவறாக அமைந்துவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்தப் படகோட்டியாலும் உங்களைக் குகைக்குள் கொண்டுபோக முடியாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் முறை நானும் கணவரும் மகனும் போனோம். புக்கெட்டின் கிழக்குக் கரையிலிருந்து புறப்படும் பெரிய படகு, ஆளுக்கு 2,200 பாட். குகைக்குள் துடுப்புப் படகில் போகும் படத்தை விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மகன் அந்தத் தாளை இரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பனாக் தீவின் செங்குத்தான பாறைக்கு அடியில் படகு நின்றது. குகை வாசல் எங்கே என்று மகன் கேட்டான். வழிகாட்டி கீழே கையைக் காட்டினார். வாசல் தண்ணீருக்குள் இருந்தது. கடல் ஏறி உச்சத்தில் நின்ற நேரம் அது. ஏற்ற வற்ற அட்டவணை ஓராண்டுக்கு முன்பே அச்சாகி வருகிறது, பணம் வாங்கியவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை கரை சேரும்வரை வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் மகளுக்கும் எட்டு வயது என்று படித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குகைகள் என்ன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பங்ஙா விரிகுடாவில் கடலிலிருந்து நட்டுவைத்தாற்போல் எழும் குன்றுகள் அனைத்தும் சுண்ணாம்புப் பாறை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த பாறை அது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குடைந்துவிட்டது. சில குன்றுகளில் கூரை இடிந்து விழுந்து, நடுவே கிணறுபோல வானம் பார்த்த வெளி உண்டாகியிருக்கிறது. அதைத்தான் தாய் மொழியில் 'ஹாங்' என்கிறார்கள். அறை என்று பொருள். நான்கு புறமும் பாறைச் சுவர், தரையில் கடல்நீர், மேலே வானம். உள்ளே போக ஒரே வழி, கடல்மட்டத்தில் இருக்கும் இருண்ட சுரங்கம். கடல் ஏறினால் சுரங்கம் மூடிக்கொள்ளும். அளவுக்கு மேல் வற்றினால் படகு சேற்றில் தட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரந்தான் கதவு திறந்திருக்கும்.

சென்னைக் கடற்கரையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டித்தான். பங்ஙாவில் பௌர்ணமி, அமாவாசை நாள்களில் அது இரண்டரை மீட்டருக்கு மேல் போகிறது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கடற்கரையில் பௌர்ணமி, அமாவாசை நாள்களின் பகல் ஏற்றம் முற்பகலின் பிற்பகுதியில் உச்சத்துக்கு வருகிறது. புக்கெட்டிலிருந்து கிளம்பும் பெரிய படகுகள் குகைப் பக்கம் வந்து சேருவதும் ஏறக்குறைய அதே பொழுதில்தான். மூன்று நான்கு நாள் கழித்துப் போனால் ஏற்றம் ஒரு மணி, இரண்டு மணிக்கு நகர்ந்துவிடும். அதன் பிறகு கடல் வற்றத் தொடங்க, மூன்றரை மணி வாக்கில் சுரங்கம் திறக்கும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது நுழைவதில் இன்னொரு நன்மை, உள்ளே இருக்கும்போது வழி அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் இல்லை. துல்லியமான நேரத்துக்குத் தாய்லாந்துக் கடற்படையின் அட்டவணையைப் பாருங்கள். கடைசி முடிவைப் படகோட்டியிடம் விட்டுவிடுங்கள்.

மூன்று ஆண்டு கழித்து மறுபடி போனபோது அம்மாவும் வந்தார், அவருக்கு வயது 68. தேய்பிறையின் நான்காம் நாளைத் தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் சொன்னேன். "அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி ஆயிற்றே, எனக்கு விரதம்" என்றார். நாளை மாற்ற முடியாது, கடல் அன்றைக்குத்தான் கதவைத் திறக்கும் என்றேன். "அப்படியென்றால் இளநீர் குடித்துக்கொள்கிறேன்" என்று சம்மதித்தார்.

இம்முறை புக்கெட்டில் படகு ஏறவில்லை. விடியும் முன்பே வேன் பிடித்து, புக்கெட் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, பங்ஙா நகரை அடுத்த தா தான் படகுத்துறைக்குப் போனோம். சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இது அலைச்சலாகத் தோன்றும். ஆனால் விரிகுடாவின் உட்பகுதி அங்கிருந்து பக்கம், அலையாத்திக் காடு இரு கரையிலும் நிற்கும் அமைதியான உப்பங்கழி வழியாகத்தான் கடலுக்குள் போகிறோம். முதுகுவலி உள்ள பெரியவர்களுக்கு விசைப்படகின் குதிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் படகு 'நீள்வால்' படகு. கார் எஞ்சின் அளவுள்ள டீசல் எஞ்சின், அதிலிருந்து நீண்ட தண்டு, தண்டின் நுனியில் விசிறி. ஆழமில்லாத இடத்தில் தண்டை அப்படியே தூக்கிவிடுவார்கள். படகின் முன்முனையான அணியத்தில் பல வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருந்தன. படகில் குடியிருக்கும் 'மே யா நாங்' என்ற காவல் தெய்வத்துக்கு உரியவை அவை, காலால் மிதிக்கவோ தாண்டவோ கூடாது. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படகோட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர். தென் தாய்லாந்தில் முஸ்லிம் ஆண்களை 'பாங்' என்று அழைக்கிறார்கள், அண்ணன் என்று பொருள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அம்மா மட்டும் நாள் முழுவதும் "தம்பி" என்றே அழைத்தார், அவரும் திரும்பிப் பார்த்தார்.

முதலில் தாம் லோட். குன்றின் அடியில் ஊடுருவிப் போகும் குகை. நீள்வால் படகே உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். தலைக்கு மேலே சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும். துடுப்புப் படகில் ஏற முடியாதவர்களுக்கு இது ஒன்றே போதும். அடுத்து காவ் கியன் பாறை ஓவியங்கள். மனிதர்கள், மீன்கள், ஓங்கில் (டால்பின்) எல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தீட்டியவை. பெரிய படகுகள் பெரும்பாலும் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடந்துபோகின்றன. பாங் எஞ்சினை நிறுத்திவிட்டார். கால் மணி நேரம் அங்கேயே மிதந்தோம்.

1974இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தால் பெயர் பெற்ற காவ் பிங் கான் தீவுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம். ஆணிபோல் நிற்கும் அந்தப் பாறையின் பெயர் தாபூ, சுமார் 20 மீட்டர் உயரம். அடி மெலிந்து தலை பருத்திருப்பதால், அரிப்புக்கு அஞ்சி 1998 முதல் படகுகள் அதன் அருகே போகத் தடை. அரை மணி நேரம் போதும். பத்து மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது.

கோ பன்யிக்கு மட்டும் நேரத்தை அள்ளிக் கொடுங்கள். ஒரு பெரும்பாறையின் காலடியில் கடலுக்குள் தூண் நட்டு எழுப்பிய ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாவகத்திலிருந்து (ஜாவா) வந்த முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் தொடங்கியது. வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பலகைமேல். 1986 உலகக் கோப்பையைப் பார்த்துக் கால்பந்து ஆசை வந்த சிறுவர்கள் பழைய பலகைகளைச் சேர்த்து ஒரு மிதக்கும் மைதானம் கட்டினார்கள். பின்னாளில் அது சீராகி ஊரின் அடையாளமாகிவிட்டது. பெரிய படகுக் கூட்டம் முன்புற உணவகங்களில் சாப்பிட்டுவிட்டு மணி அடித்ததும் திரும்பிவிடுகிறது. எங்களுக்கு மணி அடிக்க ஆள் இல்லை. பின்பக்கத் தெருக்களில் கருவாடு காயும் முற்றங்களைத் தாண்டி நடந்தோம். அம்மா ஒரு வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரைக்குப் பனாக். துடுப்பு வலிக்க இரண்டு இளைஞர்களும், காற்றடைத்த இரண்டு சிறு படகுகளும் முன்னேற்பாட்டின்படி எங்களோடு வந்திருந்தன. மூன்றாண்டுக்கு முன் வெறும் தண்ணீராய் இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுத்த வாய் திறந்திருந்தது. மகன் என்னைப் பார்த்தான். அவனுக்கு இப்போது பதினொன்று, ஆனால் அந்தப் பார்வை எட்டு வயதுக்குரியது.

உள்ளே நுழைந்ததும் காற்று குளிர்ந்தது. வௌவால் எச்சத்தின் நெடி. தலைவிளக்கைத் தவிர வெளிச்சமே இல்லை. ஓரிடத்தில் கூரை மிகவும் தாழ்ந்தது. மல்லாந்து படுத்து, கைகளை மார்பின் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூரை முழுவதும் சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன, கத்தி மாதிரி கிழித்துவிடும். ஒரு சாண் இடைவெளியில் பாறை முகத்துக்கு மேலே நகர்ந்துபோனது. அம்மா முன்னால் இருந்தார், அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு பச்சை ஒளி. சுற்றிலும் அண்ணாந்தாலும் முடியாத சுவர்கள், அவற்றில் தாழையும் கொடிகளும். முழங்கால் ஆழத் தண்ணீரில் அலையாத்தி மரங்கள் வேர்க்கால் ஊன்றி நின்றன. யாரும் பேசவில்லை. துடுப்பிலிருந்து சொட்டிய நீரின் ஒலி சுவரில் மோதித் திரும்பியது.

சற்று நேரம் கழித்து அம்மா, "இந்த மரமெல்லாம் இதற்குள் எப்படி வந்தது?" என்று கேட்டார். நான் சைகையில் கேட்டுச் சொன்னேன். துடுப்பு வலித்தவர் தண்ணீரில் மிதந்த ஒன்றை எடுத்து நீட்டினார். முருங்கைக்காய் போல நீண்டு பச்சையாய் இருந்த அலையாத்தி நாற்று. தாய்மரத்திலேயே முளைத்து, விழுந்து, மிதந்து, கடல் ஏறும்போது நாங்கள் வந்த அதே சுரங்கத்தின் வழியாகத்தான் அதுவும் வருகிறது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சேறு தட்டுப்பட்ட இடமாகப் பார்த்து நிமிர்த்தி ஊன்றிவிட்டார்.

இனிச் செலவு, நாங்கள் போனபோது இருந்த விலையில். படகு 4,500 பாட், துடுப்பு ஏற்பாடு 2,000, வேன் 2,500, தேசியப் பூங்கா நுழைவு பெரியவருக்கு 300, குழந்தைக்கு 100. நான்கு பேருக்கு மொத்தம் 10,000. பெரிய படகில் ஆளுக்கு 2,200 என்று கணக்கிட்டால் 8,800. உங்கள் ஐந்து பேருக்கு அதே விலையில் தனிப் படகு 10,300, பெரிய படகு 11,000, தனிப் படகே மலிவு. இருவர் மட்டும் போவதாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விரிகுடா ஒதுக்கமான இடம் என்பதால் அப்போதும் படகுகள் ஓடும், ஆனால் படகோட்டி வேண்டாம் என்றால் வாதிடாதீர்கள். 2018 ஜூலையில் புக்கெட் அருகே புயற்காற்றில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். மகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று துறையில் போட்டுப் பார்த்த பிறகே ஏறுங்கள். பெரியவர் அளவு அங்கி குழந்தையின் தலை வழியாகக் கழன்றுவிடும்.

தண்ணீர் படங்களில் பார்க்கும் நீலமாக இருக்காது. அலையாத்திக் காட்டு வண்டல் கலந்த மங்கிய பச்சை. பவளப்பாறை பார்க்கும் ஆசை இருந்தால் அது வேறு பக்கம், வேறு நாள். பக்கத்து மாகாணமான கிராபியிலும் 'கோ ஹாங்' என்றே ஒரு தீவு இருக்கிறது, பதிவு செய்யும்போது பங்ஙாவா கிராபியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராபிக்கும் போவதாக இருந்தால் குளோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் அந்த ஊரில் கிடைத்தது. பொ.ஆ. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். விரல் நீளமே உள்ள அந்தக் கல்லை அம்மா எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

உங்கள் பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால், நீள்வால் படகிலிருந்து துடுப்புப் படகுக்கு இறங்கும் அந்த ஒரு நிமிடந்தான் கடினம். எங்கள் பாங் படகின் பக்கத்தில் மடித்த கோரைப்பாயைப் போட்டு, அம்மாவை முதலில் விளிம்பில் உட்காரவைத்து, பிறகு சறுக்கி இறங்கச் சொன்னார். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நாள் முடிவானதும் தேதியை எழுதுங்கள், அன்றைய ஏற்ற வற்ற நேரத்தை அட்டவணையில் பார்த்துச் சொல்கிறேன்.