சுண்ணாம்புக்கல் சில்லில் வருகைப் பதிவேடு: வாசகர் கேள்விகள்

எகிப்தில் கிடைத்தவை எல்லாம் அரசர்களின் கல்லறைப் பொருள்கள்தானே? சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?
- பெரம்பூர் வாசகர்

குப்பையை வைத்துத்தான். நைல் நதியில், லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில் தேர் எல் மதீனா என்று ஓர் ஊர். அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கல்தச்சர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு குடியிருந்த இடம். ஊருக்கு வெளியே தண்ணீர் தேடி 50 மீட்டருக்கு மேல் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஊற்று கிடைக்கவில்லை, பள்ளம் குப்பைக்குழி ஆகிவிட்டது. சில்லறைக் கணக்கு, கடன் சீட்டு, துணி வெளுக்கப் போட்ட பட்டியல் எல்லாவற்றையும் பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதி, வேலை முடிந்ததும் வீசிவிட்டார்கள். மழை அபூர்வம் என்பதால் மை அழியவில்லை. அந்தக் குழியில் மட்டும் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு சில்லு வருகைப் பதிவேடு. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு. நாற்பது பேர் பெயர், வராத தேதி கறுப்பு மையில், காரணம் அதன் மேலே சிவப்பு மையில்: உடம்பு சரியில்லை, கண்வலி, தேள் கொட்டியது, பீர் காய்ச்சினான், அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றினான், வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு.

சம்பளம் தானியமாக வந்தது. ஒரு தொழிலாளிக்கு மாதம் சுமார் 300 லிட்டர் எம்மர் கோதுமை, ரொட்டிக்கு. சுமார் 115 லிட்டர் பார்லி, பீருக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டில் இது தாமதமானபோது வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 'பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை' என்று அவர்கள் முறையிட்டதை எழுதிவைத்த பாப்பிரஸ் (ஒரு கோரையின் தண்டில் செய்த தாள்) இன்று இத்தாலியின் டூரினில் இருக்கிறது. துத்தன்காமுன் என்ற அரசனின் தங்க முகமூடியை நாள் முழுக்கப் பார்த்தாலும் இதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. எகிப்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்தச் சில்லுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மம்மிகளின் பற்கள் தேய்ந்திருப்பதற்கு ரொட்டியில் இருந்த மணல்தான் காரணமா?
- அண்ணாநகர் வாசகி

பெரும்பங்கு அதுதான். பாலைக்காற்று கொண்டுவந்த மணலும் அரைக்கும் கல்லின் துகளும் மாவில் சேர்ந்தன. எம்மர் கோதுமையின் உமி லேசில் கழலாது. லேசாக நனைத்து, தரையில் பதித்த கல் உரலில் இடித்து, உலர்த்தி, புடைத்து, சலித்து, மிச்ச உமியைக் கையால் பொறுக்க வேண்டும். நனைக்காமல் இடித்தால் உமியோடு மணியும் நொறுங்கும். அதற்குப் பிறகுதான் அம்மி போன்ற கல்லில் முன்னும் பின்னும் தள்ளி அரைப்பது. அமர்னா என்ற பழைய எகிப்திய நகரின் வீடுகளில் இந்தக் கல்லை மேடை கட்டி உயர்த்தி வைத்திருக்கிறார்கள், நின்றபடி அரைக்க.

நர்சரியில் பாப்பிரஸ் செடி என்று ஒன்று விற்கிறார்கள். அதில் வீட்டிலேயே தாள் செய்ய முடியுமா?
- அடையாறு வாசகர்

முடியும். முதலில் செடி சரிதானா என்று பாருங்கள். உச்சியில் பட்டையான இலைகள் குடைக்கம்பி போல விரிந்திருந்தால் அது வேறு கோரை. தண்டு மெலிசு, உதவாது. உண்மையான பாப்பிரஸுக்கு முக்கோணத் தண்டு, உச்சியில் நூல் நூலாய்க் குஞ்சம். குட்டை ரகமும் வேண்டாம். தண்டு இரண்டு விரல் கனமாவது இருக்கட்டும்.

20 செ.மீ. சதுரத் தாளுக்கு, தண்டின் கீழ்ப்பாகத்திலிருந்து 20 செ.மீ. துண்டுகள் ஐந்து வெட்டுங்கள். பச்சைத் தோலை முழுக்கச் சீவுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த இடம் ஒட்டாது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை நீளவாக்கில் 2 மி.மீ. கனத்தில் கீற்றுகளாக அறுங்கள். 2 செ.மீ. அகலக் கீற்றானால் ஓர் அடுக்குக்கு 11 அல்லது 12 வேண்டும். மூன்று நாள் தண்ணீரில் ஊறட்டும். நம் ஊர் வெக்கைக்குத் தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் நாறும். பிறகு சப்பாத்திக் கட்டையால் உருட்டி நீரைப் பிழியுங்கள். கீற்று கண்ணாடி போல ஒளி ஊடுருவினால் பதம்.

பருத்தித் துணிமேல் கீற்றுகளைப் பக்கத்துக் கீற்றின் ஓரம் 2 மி.மீ. ஏறும்படி கிடையாக அடுக்குங்கள். அதன்மேல் இரண்டாம் அடுக்கு குறுக்காக. காயும்போது கீற்று சுருங்கும் என்பதால் ஓரம் ஏறாத இடத்தில் பிளவு விழும். மேலே துணி, இருபுறமும் பலகை, 20 கிலோவாவது பாரம். முதல் நாள் மூன்று மணிக்கொரு முறை துணியை மாற்றுங்கள், அடுத்த நான்கைந்து நாள் காலையும் மாலையும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: ஈரத் துணியை அப்படியே விட்டால் இரண்டே நாளில் பூஞ்சணம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், சித்திரை நல்லது.

எழுத, விளக்குக் கரியைப் பிசின் கரைத்த நீரில் குழையுங்கள். சிவப்புக்குக் காவி. எகிப்திய எழுத்தர்களின் இரண்டு மைகளும் இவைதான்.

தமிழர் பொருள் ஏதாவது எகிப்தில் கிடைத்திருக்கிறதா?
- மயிலாப்பூர் வாசகி

கிடைத்திருக்கிறது, ஆனால் பிரமிடு காலத்தது இல்லை. ரோமானியர் ஆண்ட காலத்தது. செங்கடல் துறையான குசைர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. இன்னொரு துறையான பெரெனிகேயில், கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது.

எகிப்தியர் கண் மை எதில் செய்தார்கள்? நாமும் செய்யலாமா?
- தாம்பரம் வாசகி

பச்சை மை மாலகைட் என்ற செம்புத் தாதுவை அரைத்தது. கறுப்பு, கலீனா என்ற ஈயத் தாது. லூவ்ர் மியூசியத்தில் உள்ள மைக்குப்பிகளின் மிச்சத்தைச் சோதித்தபோது, இயற்கையில் அரிதான ஈய உப்புகள் இரண்டை அவர்களே தயாரித்துச் சேர்த்தது தெரிந்தது. வீட்டில் செய்யாதீர்கள். ஈயம் உடம்பில் தங்கும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சுர்மா என்று கல்லாகவோ பொடியாகவோ விற்பதிலும் கலீனா இருக்கக்கூடும். என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை வாங்க வேண்டாம்.