பல்லேடியத்துக்கு இடம் வலம் தெரியுமா?

செட்ரிசின் 10 மி.கி., லீவோசெட்ரிசின் 5 மி.கி. இரண்டும் ஒவ்வாமைக்குத்தானே, ஏன் இந்த வித்தியாசம்? (வாசகர், மயிலாப்பூர்)

செட்ரிசினில் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் சரிபாதியாக இருக்கின்றன. வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். அதை மட்டும் தனியாகக் கொடுப்பதுதான் லீவோசெட்ரிசின், அதனால் பாதி அளவு போதும். நைட்ரஜன் உள்ள பல மருந்துகளில் இந்தக் கை விஷயம் வரும். ஒரு கையை மட்டும் உருவாக்கும் வினைகளை வேதியியலாளர்களான நாங்கள் தேடுவது இதற்காகத்தான்; அவற்றில் பல்லேடியம் உலோகம் வினையூக்கியாக உதவும் ஒரு வினை உண்டு.

அமீனை (நைட்ரஜன் உள்ள மூலக்கூறை) சேர்க்கும்போது எந்தக் கை என்று பல்லேடியம் எப்படி முடிவு செய்கிறது? (எம்.எஸ்சி. மாணவி, கிண்டி)

முடிவு செய்வது அதோடு ஒட்டியிருக்கும் லிகாண்ட், அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் துணை மூலக்கூறு. தொடக்கப் பொருளாக 1,3-டைஃபினைல்அல்லைல் அசிடேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லேடியம் இரட்டைப் பிணைப்பைப் பிடித்து அசிடேட்டைக் கழற்றிவிடும். மிஞ்சும் மூன்று கார்பன் துண்டு பல்லேடியத்தின் மேல் படர்ந்து உட்காரும். அமீன் எதிர்ப்புறமாக வந்து ஏதாவது ஒரு முனையில் சேர வேண்டும்; எந்த முனை என்பதைப் பொறுத்துக் கை மாறும். ட்ரைஃபினைல்பாஸ்பீன் என்ற சாதாரண பாஸ்பரஸ் லிகாண்ட் மட்டும் இருந்தால் இரு முனைக்கும் சம வாய்ப்பு, கிடைப்பது 50:50 கலவை.

இங்கேதான் 1993-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக அறிவித்த ஃபாக்ஸ் லிகாண்டின் அழகு தெரியும். அது பல்லேடியத்தை ஒரு பக்கம் பாஸ்பரஸாலும் மறு பக்கம் நைட்ரஜனாலும் பிடிக்கும். பாஸ்பரஸுக்கு நேர் எதிரே உள்ள முனையில் பிணைப்பு சற்று நீண்டு தளர்ந்திருக்கும், அமீன் அங்கேதான் விரும்பித் தாக்கும். துண்டு எப்படித் திரும்பி உட்கார வேண்டும் என்பதை லிகாண்டில் அந்த நைட்ரஜன் இருக்கும் ஆக்சசோலின் வளையத்தின் கிளை பார்த்துக்கொள்ளும். ட்ஸுஜி என்ற வேதியியலாளர் 1965-இல் தொடங்கிய வேதியியல் இது. ட்ராஸ்ட் என்பவர் 1977-இல் அதற்குக் கைத்தேர்வை (ஒரு கையை மட்டும் அதிகமாக உருவாக்குவதை) கொண்டுவந்தார். எத்தனை முறை கரும்பலகையில் வரைந்தாலும் எனக்கு அலுக்காத படம்.

வினை பாதியிலேயே கறுத்துவிடுகிறது. என்ன தவறு? (ஆய்வு மாணவர், தரமணி)

அந்தக் கறுப்பு, வினையூக்கியாக இருக்க வேண்டிய பல்லேடியம் உலோகமாகத் திரண்டது. பெரும்பாலும் ஆக்சிஜன் புகுந்து பாஸ்பீன் லிகாண்ட் கெட்டுப்போயிருக்கும். கரைப்பானுக்குள் நைட்ரஜனோ ஆர்கானோ நன்றாகக் குமிழிடுங்கள். அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் அதற்குள் நீராகப் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

இரு கைகளும் 95:5 என்று கிடைத்தால் ஈ.ஈ. (ஒரு கை மற்றதைவிட எவ்வளவு அதிகம் என்ற அளவு) 95 சதவீதமா? (பெயர் தராதவர்)

இல்லை, 90. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். இரு கைகளையும் பிரித்து அளக்கும் கைரல் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ரெசிமிக் (50:50) மாதிரியை முதலில் ஓட்டி, வரைபடத்தில் இரண்டு பீக்கும் (முகடும்) பிரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் பிரிக்காத பிரிகுழாயில் (column) எந்தக் கலவையும் ஒற்றைப் பீக்காகத்தான் தெரியும், 99 சதவீதம் என்று நம்பி ஏமாந்துவிடுவீர்கள்.