கேள்வி – பதில்: ‘பாசமிகு தந்தை’ என்று எழுதிய பிறகு

கேள்வி: சில மாதங்களுக்கு முன் என் அப்பா காலமானார். அவர் நினைவாகக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்கு ஒரு சிறு மலர் தயாரிக்கிறோம். முதல் கட்டுரையை நான் எழுத வேண்டும். ‘பாசமிகு தந்தை, அன்பான கணவர், உற்ற நண்பர்’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுதுவதெல்லாம் யாரோ ஒருவரைப் பற்றியதாகவே தோன்றுகிறது. எப்படித் தொடர்வது?

பதில்: அந்த வரியில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதில் உங்கள் அப்பாவும் இல்லை. ‘பாசமிகு’ என்பது பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து நீங்கள் வந்தடைந்த முடிவு. வாசிப்பவர் அறிய விரும்புவது, அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவந்த செயல்களை. நினைவு மலர்களில் மறைந்தவர்கள் அனைவரும் எளிமையானவர்களாகவும் எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர்களாகவும் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்; அந்தச் சொற்களை அப்படியே எடுத்து வேறொருவர் மலரில் வைத்தாலும் பொருந்திவிடும்.

இறந்தவரை எண்ணிக் கையற்றுப் பாடுவதைக் கையறுநிலை என்று ஒரு தனித் துறையாகவே நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ‘வள்ளல்’ என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கள் சிறிதளவே கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்பது வரை, அவன் வழக்கமாகச் செய்தவற்றையே வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். தன் தலையின் வாடையைக்கூட அவர் மறைக்காததால்தான் அந்த மனிதன் இன்றும் நம் முன்னால் நிற்கிறான்.

ஆகவே, பண்புகளை ஒதுக்கிவிட்டு வழக்கங்களிலிருந்து தொடங்குங்கள். தொலைபேசியை எடுத்ததும் அவர் சொன்ன முதல் சொல் எது, கோபம் வந்தால் கத்தினாரா அல்லது எழுந்து வெளியே போனாரா, எந்தப் பொருளைத் தூக்கி எறிய விடாமல் வைத்திருந்தார், நீங்கள் தேர்வில் தோற்ற அன்று என்ன செய்தார் என்பவற்றை, கட்டுரையாக்கும் எண்ணமே இல்லாமல், தோன்றிய வரிசையில் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து நாளில் அந்தத் தாள் நிரம்பிவிடும். அதிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்து விரிவாக எழுதுங்கள். பிறந்த நாள், படிப்பு, பணியாற்றிய இடங்கள், ஓய்வு பெற்ற ஆண்டு முதலியவற்றைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தனிக் கட்டமாகப் போட்டுவிடலாம். அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேடப்போவது அந்தக் கட்டத்தைத்தான். அதில் பிழை இருந்தால் பிறகு திருத்த ஆள் இருக்காது.

கேள்வி: என் கணவரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியிருப்பதைப் படித்தேன். அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர் என்று எழுதியிருக்கிறார்கள். என்னோடு அவர் மணிக்கணக்கில் பேசிச் சிரித்தவர். திருத்தச் சொல்லலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இன்றும் நான் மனத்துக்குள் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ‘விட்டுவிட்டு வெளியே வாருங்கள்’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் செய்வது தவறா?

பதில்: திருத்தச் சொல்லாதீர்கள், அம்மா, உங்கள் பங்கை நீங்கள் தனியாக எழுதுங்கள். பிள்ளைகள் கண்ட கண்டிப்பும் நீங்கள் கண்ட சிரிப்பும் ஒரே மனிதருடையவை. அவற்றைக் கலந்து ‘கண்டிப்பும் கனிவும் கொண்டவர்’ என்று ஒரு வரியாக்கினால் இரண்டுமே கெட்டுவிடும். ஒரே நிகழ்ச்சியை நீங்களும் பிள்ளைகளும் வேறு வேறாகச் சொன்னாலும் பதற வேண்டாம். நினைவு என்பது உள்ளே பதிந்துகிடப்பதை அப்படியே எடுத்துக் காட்டுவதன்று, நினைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதைப் புதிதாகக் கட்டுகிறோம் என்பதை உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே தம் ஆய்வுகளால் காட்டினார். யார் சொல்வது சரி என்ற வழக்கை வீட்டுக்குள் நடத்தாமல், இருவர் சொல்வதையும் அவரவர் பெயரில் அச்சிடுவது நல்லது.

அவரோடு பேசுவது தவறே அல்ல. இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் பணி என்று உளவியலறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் வெளியிட்ட கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. உங்கள் உறவினர்கள் சொல்வதிலும் அதன் சாயல் தெரிகிறது. ஆனால் 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பு, இழந்தவர்கள் பலர் இறந்தவரோடு ஓர் உறவை வேறு வடிவில் தொடர்ந்து வைத்துக்கொண்டே நலமாக வாழ்கிறார்கள் என்று எடுத்துரைத்தது. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று யாராவது சொன்னால் அதையும் அட்டவணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் சொன்னது, இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். ஒருநாள் அழுகையும் மறுநாள் வங்கிக் கணக்கும் என்று மாறி மாறிப் போவதுதான் இயல்பு என்று 1999இல் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் விளக்கியிருப்பது, நான் பார்த்த வாழ்க்கைகளோடு அதிகம் ஒத்துப்போகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதங்கள் பல கடந்தும் உறக்கம், உணவு, அன்றாட வேலை எதுவும் திரும்பாமல், ஏக்கம் ஒன்றே நாள் முழுவதையும் பிடித்திருக்குமானால் மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, குறைந்தது 6 மாதம் என்று காலவரையும் குறித்திருக்கிறது.

கேள்வி: என் நண்பனின் நினைவுக் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். இளம் வயது முதல் பழக்கம். எல்லோரும் அவனைத் தெய்வமாக்கிவிட்டார்கள். அவனுடைய முன்கோபமும் சில தவறுகளும் எனக்குத் தெரியும். சொல்லலாமா, மறைக்கலாமா?

பதில்: எல்லோரும் அறிந்த முன்கோபத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கு ஆளாகியிருப்பார்கள். நீங்கள் சொன்னதும் சிரிப்பார்கள், அவர் அந்த அறைக்குள் வந்துவிடுவார். அவர் உங்களை நம்பித் தனிமையில் சொன்னவை வேறு. சொன்னவர் இறந்துவிட்டதால் அந்த நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. அவர் மனைவியோ மகளோ கூட்டத்தின் நடுவே முதன்முறையாகக் கேட்டு அதிரக்கூடிய எதையும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். அவர்களே பின்னொரு நாள் தேடிவந்து கேட்டால், எவ்வளவு சொல்வது என்று அப்போது தீர்மானித்துக்கொள்ளலாம்.

குடும்பத்தாரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் அறிமுகமானதே அப்பாவான பிறகுதான். அதிலும் அவர்களுக்கு விவரம் தெரியத் தொடங்கும்போது அவர் முப்பதைத் தாண்டியிருப்பார். முதியவர்களைப் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலானவையே அதிகம் வெளிப்படுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது, தம் வாழ்வின் மையம் என்று அவரே கருதியிருக்கக்கூடிய ஆண்டுகளுக்கு வீட்டில் சாட்சி இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். எதற்குப் பயந்தார், யாரைப் பார்த்து அவரைப்போல் ஆக விரும்பினார், எந்த வேலை கிடைக்காமல் எந்த வேலைக்குப் போனார் என்பவற்றைச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம் போதும்; நிதானமாக வாசித்தால் 400 முதல் 500 சொற்கள் வரும். மனப்பாடத்தை நம்பாமல் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குரல் உடைந்தால் தொடர்ந்து வாசிக்க இன்னொரு பிரதியை யாரிடமாவது முன்கூட்டியே கொடுத்துவையுங்கள்.

கேள்வி: அப்பாவின் குரல் என் கைப்பேசியில் சில பதிவுகளாக இருக்கிறது. கேட்கத் துணிவு வரவில்லை. அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள், இப்போது கேட்கவும் வேண்டாம். கைப்பேசி பழுதானால் பதிவும் போய்விடும் என்பதால் உடனே 3 பிரதிகள் எடுத்து, இரு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கோப்பின் பெயரில் நாளையும், அவர் யாரிடம் பேசுகிறார் என்பதையும் குறித்துவிடுங்கள். இந்த வேலையைச் செய்யவும் மனம் வரவில்லை என்றால், பதிவைக் கேட்டாலும் கலங்காத ஒரு நண்பரிடம் கைப்பேசியை ஒரு மாலைப்பொழுது கொடுத்துவிடுங்கள்.