கிழங்கு மில் வீட்டுப் பெண் எகனாமிக்ஸ் கேட்டால்

அண்ணா, சனிக்கிழமை நீங்கள் ஆத்தூரிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அடுத்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். பாப்பா எகனாமிக்ஸ் படிக்கணும் என்றதற்கு, "வேற எதுவும் கிடைக்காதவன் எடுக்கிற படிப்புங்களே அது" என்று எழுந்து போகும்போது சொன்னீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

சேகோசர்வில், அதாவது ஜவ்வரிசி மில்காரர்களின் சேலம் கூட்டுறவுச் சங்கத்தில், நடக்கிற விற்பனையைப் பற்றிப் பாப்பா என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம ஜவ்வரிசி மூட்டையும் பக்கத்து மில்லு மூட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. சேகோசர்வ்ல ஒரே நாள்ல ரெண்டுக்கும் வேற வேற விலை. ஏன் சார்?" நீங்கள் குறுக்கிட்டு, "டெண்டர்னா அப்படித்தான்" என்றீர்கள். அந்த 'அப்படித்தான்' ஏன் என்று பார்ப்பதுதான் அண்ணா, அவள் படிக்க ஆசைப்படுகிற படிப்பு. டெண்டரில் மூட்டையை வாங்க ஒரு வியாபாரி எழுதிக் கொடுக்கிற விலை இன்னொருவருக்குத் தெரியாது. அதிக விலை எழுதிவிட்டோமோ என்ற பயத்தில் எல்லோருமே கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள். இந்தப் பயம் விலையை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ராபர்ட் வில்சன். அவருக்கும் பால் மில்குரோமுக்கும் 2020-இல் நோபல் பரிசு கொடுத்தது ஏல ஆராய்ச்சிக்குத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மில்லைச் சொல்லவில்லை. ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு வருகிறது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. அளக்கிற தராசு மில்லுக்குள் இருக்கிறது, விவசாயி வெளியே நிற்கிறார். சரியாகத்தான் அளந்தார்களா என்ற சந்தேகத்தோடே பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த வருஷம் நல்ல கிழங்குக்காக மெனக்கெடுவாரா? விற்பவர், வாங்குபவர் இருவரில் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தால் சந்தை எப்படிக் கெடும் என்று 1970-இல் பழைய கார் விற்பனையை வைத்து எழுதியவர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப். அவருக்கும் 2001-இல் நோபலில் பங்கு கிடைத்தது.

சரி, எல்லா ஊரிலும் அரசாங்கமே ஒரு பொதுத் தராசு வைத்தால் விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைக்குமா? மேடையில் யாரும் என்னவும் சொல்லலாம். ஆராய்ச்சி செய்பவர் குலுக்கல் போட்டுச் சில ஊர்களில் மட்டும் வைத்து, வைக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். புது மருந்தைச் சோதிக்கிற அதே முறை. வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-இல் நோபல். பில் இல்லாத வியாபாரமும் வாய்ப்பேச்சுக் கடனும் நிறைந்த நம் நாட்டில் இதற்கு வேலை தீரவே தீராது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். முதலில் கணக்கு. பாப்பா காமர்ஸில் வணிகக் கணிதம் எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. மேட்ரிக்ஸ், தொகையீடு, நிகழ்தகவு எல்லாம் அதிலேயே வந்துவிடும். கணக்கு பிடிக்காத பிள்ளையாக இருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பி.ஏ.வோ பி.எஸ்.சி.யோ, கல்லூரி எதுவானாலும், புள்ளியியலை மட்டும் விடக்கூடாது. அப்புறம் எம்.ஏ.வுக்கு இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி 1987-இல் தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், இல்லையென்றால் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். ஆராய்ச்சிப் படிப்புக்குச் சென்னை அடையாறில் 1971-இல் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

பணம்? மெதுவாகத்தான் வரும், மறைக்க மாட்டேன். பி.எச்.டி. முடிய இன்னும் பத்து வருஷம் ஆகும். ஆனால் எம்.ஏ. முடித்தவர்கள் எழுதுகிற நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டு வாடகைப்படி தனி. எம்.ஏ.வோடு நிறுத்திக்கொண்டாலும் யு.பி.எஸ்.சி. நடத்துகிற இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். 'எம்.பி.ஏ. படிக்க வைக்கலாமா' என்று அண்ணி கேட்டார்கள். தாராளமாக. ஆனால் ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ.வுக்கு நீங்கள் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். அதே வளாகத்தில் மேலாண்மையில் பி.எச்.டி. செய்பவருக்கு அவர்களே உதவித்தொகை கொடுப்பார்கள். 

பரீட்சை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பாப்பா கையில் கொடுத்து, ஒரு மாதம் மில் வாசலில் உட்கார வையுங்கள். எந்த ஊர் லோடு, என்ன ரகம், எத்தனை பாயிண்ட், என்ன விலை, முன்பணம் வாங்கியவரா இல்லையா என்று எழுதட்டும். உங்கள் மேஸ்திரிக்குப் பிடிக்காது, பரவாயில்லை. ஜூன் மாதம் அந்த நோட்டோடு என்னிடம் அனுப்புங்கள். பத்து நாளில் சலித்துப்போய் வைத்துவிட்டாள் என்றாலும் வரட்டும், வேறு படிப்பு பேசுவோம்.