ஒப்புமை 4 சதவீதம்தான், ஆனால் அத்தியாயம் முழுக்கத் திருட்டு

"இப்போதுதான் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். மாணவர் ஆய்வேடுகளில் கருத்துத் திருட்டைக் கண்டுபிடிப்பது எப்படி, வராமலே தடுக்க வழி உண்டா, ஒப்புமை எத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒப்புமை என்பது, ஆய்வேட்டில் எவ்வளவு பங்கு வேறிடத்தில் உள்ள எழுத்தோடு பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் எண். இதற்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்று ஒரு சதவீதம் கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் விதிகளில் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் இடத்திலும் இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துக் கோப்பை நகர்த்தலாமே தவிர, திருட்டா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வேடுகள் என்னிடம் வந்தன. ஒன்றில் ஒப்புமை 38 சதவீதம். எண்ணைப் பார்த்ததுமே துறையில் முகம் சுளித்தார்கள். அறிக்கையைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தால், பொருந்துவதாக மென்பொருள் நிறம் பூசியிருந்ததில் பெரும்பகுதி துணைநூற்பட்டியல். மிச்சத்தில் பாதி, பின்னிணைப்பில் இருந்த வினாநிரல். பல ஆய்வாளர்கள் பயன்படுத்தி வரும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாத வினாநிரல் அது. இவற்றை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டியதும் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

இன்னொன்றில் வெறும் 4 சதவீதம். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு. இரண்டாம் அத்தியாயத்தில் 'ரேண்டம் சாம்பிள்' என்ற புள்ளியியல் கலைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹாப்ஹசார்ட் ஸ்பெசிமன்' என்று இருந்தது. எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பக்கத்திலும் அதே. இரண்டு பக்கம் தள்ளி, 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்டினரி டீவியேஷன்'. மாணவரைக் கூப்பிட்டு, "இது என்னப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம், வெளியான ஒரு கட்டுரையைச் சொல்மாற்றும் கருவியில் போட்டு எடுத்ததாகச் சொன்னார். அந்தக் கருவி கலைச்சொல், சாதாரணச் சொல் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. மென்பொருளும் ஏமாந்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்த வேடிக்கை இல்லை. கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2021இல் இப்படிப்பட்ட சொற்றொடர்களை ஆய்விதழ்களிலேயே தேடிப் பிடித்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' அங்கே 'கவுன்டர்ஃபீட் கான்ஷஸ்னஸ்' ஆகியிருந்தது. 'பிக் டேட்டா' 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. இவற்றுக்கு 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்தார்கள். மிகப் பொருத்தமான பெயர்.

மென்பொருள் ஏன் ஏமாறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டர்னிட்டின் போன்ற ஒப்புமை மென்பொருள்கள் எழுத்தைச் சில சொற்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு மற்ற மாணவர்கள் கொடுத்த தாள்கள் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கின்றன. சொற்கள் அதே வரிசையில் இருந்தால் பிடிக்கும். கருத்தை மட்டும் எடுத்து வாக்கியத்தைப் புரட்டினாலோ, வேறு மொழியிலிருந்து பெயர்த்துப் போட்டாலோ பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். அதனால்தான் அதன் அறிக்கைக்கே 'ஒப்புமை அறிக்கை' என்று பெயர். தமிழில் ஆய்வேடு வாங்குபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒப்பிட அதில் எதுவும் இருக்காது, பூஜ்யத்தை ஒட்டி ஓர் எண் வரும், எல்லோரும் கைகுலுக்குவார்கள். யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். ஆங்கில 'ஏ'வுக்குப் பதில் அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்தைப் போடுவது, வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பது என்று வேறு தந்திரங்களும் உண்டு. முழு உரையையும் வெறும் உரைக்கோப்பாக ஒட்டிப் பார்த்தால் வெள்ளை எழுத்து வெளியே வந்துவிடும்.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? படித்துத்தான். மூன்று பத்தி தடுமாறும் நடை, நாலாவது பத்தியில் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடும். அடிக்குறிப்பு முறை ஒரு அத்தியாயத்தில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி இருக்கும். 'சமீபத்தில்' என்று எழுதியிருப்பார், அங்கே சுட்டியிருக்கும் எந்த நூலும் 2008ஐத் தாண்டாது. இன்னொருவர் தப்பாகப் போட்ட பக்க எண் அப்படியே இங்கேயும் வந்திருக்கும். சந்தேகம் வந்த ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் விவகாரமும் ஒருவர் படித்ததில்தான் தொடங்கியது. 2011இல் ஒரு சட்டப் பேராசிரியர் மதிப்புரை எழுதுவதற்காக அவருடைய முனைவர் ஆய்வேட்டைப் படித்தபோது, சில பத்திகள் வேறிடத்தில் எழுதப்பட்டவை என்று கண்டார். பிறகு முகம் தெரியாத பலர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு விக்கி இணையதளத்தில் கூடி, பக்கவாரியாக மூலத்தைத் தேடிப் பதிவு செய்தார்கள். சில வாரங்களில் பட்டமும் போயிற்று, பதவியும் போயிற்று. அந்த ஆய்வேடு மிக உயர்ந்த தரம் பெற்றுத் தேறியது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. தேர்வாளர்கள் கண்ணில் படாதது வெளியாள் கண்ணில் பட்டிருக்கிறது.

சரி, சாட்ஜிபிடி? அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை மட்டும் நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்த நிறுவனம் தந்த கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில் எழுதும் மாணவர்தான் மாட்டுவார். நம் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள்தானே அதிகம்.

தடுப்பதைப் பற்றி. பத்து வருடமாக ஒரே தலைப்பை அசைன்மெண்டாகக் கொடுத்துவிட்டு, அண்ணன் தாளைத் தம்பி கொடுத்தான் என்று கோபப்படுவதில் நியாயமில்லை. நான் இப்போது முழுத் தாளையும் கடைசி நாளில் வாங்குவதில்லை. முதலில் ஒரு பக்கச் சுருக்கம், பிறகு படித்த ஐந்து கட்டுரைகளைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் நாலு வரி, பிறகு ஒரு வரைவு, கடைசியில் பத்து நிமிடப் பேச்சு. பேச்சில் ஒரே கேள்விதான்: "இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தீர்கள்?" தானே எழுதியவர் திணறினாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவார். காசு கொடுத்து எழுதி வாங்கியவருக்கு அந்தப் பத்தி அங்கே இருப்பதே தெரியாது. காசுக்கு எழுதித் தருவதை ஒப்புமை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் அது புதிதாக எழுதப்பட்டது. எழுபது பேர் வகுப்பில் இத்தனையும் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே வரைவும் பேச்சும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்குப் பத்துப் பேரைக் குலுக்கிப் போட்டு எடுங்கள்.

இன்னொரு வகைத் திருட்டு, திருட நினைக்காமலே நடப்பது. மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கொரு சொல் இங்கொரு சொல் மாற்றி எழுதுவது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியர் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயரிட்டு, இது எழுதக் கற்பவர்கள் கடந்து வரும் ஒரு கட்டம் என்றார். ஒட்டுப்போட்ட எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். நானும் முதுகலையில் அப்படித்தான் எழுதினேன், யாரும் தவறு என்று சொல்லவில்லை. இதற்குத் தண்டனையைவிடப் பழக்கம் உதவும். குறிப்பெடுக்கும்போதே, அப்படியே எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். சுருக்கம் எழுதும்போது புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். முதல் வாரமே அரை மணி நேரம் வகுப்பிலேயே செய்ய வைத்தால், ஆண்டு முழுக்கப் பயன்படும்.

சந்தேகம் உறுதியானால், மூலத்தையும் மாணவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முதலில் அவரைப் பேச விடுங்கள். முதலாண்டு மாணவர் ஒட்டுப்போட்டு எழுதினால் திருப்பி எழுத வையுங்கள். அத்தியாயத்தையே தூக்கியிருந்தால், நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் விதிப்படி குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், புதியவர்கள் எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. வரைவை மென்பொருளில் ஏற்றும்போது, அதைத் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டாம் என்ற தெரிவு இருக்கும். அதைக் குறிக்க மறந்தால், இறுதிப் பிரதியை ஏற்றும் அன்று மாணவர் தன்னிடமிருந்தே திருடியதாக 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். எனக்கு அது நடந்திருக்கிறது, அந்தப் பெண் என் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றார்.