முதலில் பாடியவர்

அன்புள்ள சார்,

விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். அது அவருடைய பாட்டு என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன வாரம் என் மகள், “அப்பா, இது டாலி பார்ட்டன் எழுதிய கன்ட்ரி பாட்டு, அமெரிக்கக் கிராமத்து இசை வகை” என்று சொல்லி, பழைய பதிவைப் போட்டுக் காட்டினாள். எனக்குச் சப்பென்று இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு எளிய கிராமத்துப் பெண்ணின் பாட்டை எடுத்துப் பாடி இன்னொருவர் உலகப் புகழ் அடைவது நியாயமா? இரண்டில் எதை அசல் என்று கொள்வது? என்னைக் கேட்டால், கன்ட்ரி என்பது வெள்ளைக்காரக் குடியானவர்களின் புலம்பல். கறுப்பினப் பாடகர்களின் கை பட்ட பிறகுதான் அது இசையாகிறது. நம் சினிமாவில் மெட்டுகளை உருவுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? மகளின் திருமண வரவேற்பில் இந்தப் பாட்டைத்தான் போட இருக்கிறோம். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் வரவேற்பு விஷயம். போடாதீர்கள். ‘நான் இங்கே இருந்தால் உனக்கு இடைஞ்சல்தான், அதனால் போகிறேன்’ என்று தொடங்கும் பாட்டு அது. முப்பது வருடம் கேட்டும் அது பிரிவுப் பாட்டு என்பது உங்கள் காதில் ஏறவில்லை என்றால் நீங்கள் அந்த அம்மாளின் தொண்டையைத்தான் கேட்டிருக்கிறீர்கள், பாட்டை அல்ல. சம்பந்தி வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். மகளுக்கு வாழ்த்துகள்.

சினிமா மெட்டுக் கேள்வியை விட்டுவிடுகிறேன். பெயர் போட்டுக் காசு கொடுத்துப் பாடுவது ஒன்று, சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது வேறொன்று. அதற்கு மேல் அதில் பேச எதுவுமில்லை.

‘வெள்ளைக்காரக் குடியானவர்களின் புலம்பல்’ என்ற வரியைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. யாரோ எங்கேயோ சொன்னதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் கருவி. கன்ட்ரி இசையின் கோயில் என்று சொல்லப்படும் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கனில் ரயிலை ஓட்டிக் காட்டுகிற கறுப்பினக் கலைஞர். கன்ட்ரியின் பெரும் நட்சத்திரம் ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கற்றுக்கொடுத்த ரூஃபஸ் பெய்னும் கறுப்பினத் தெருப்பாடகர். கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் 1962-ல் கன்ட்ரி பாடகர் டான் கிப்சனின் ‘ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ’வைப் பாடி அமெரிக்காவையே கலக்கினார் என்றால், அவர் எங்கிருந்தோ இறங்கி வந்து அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுக்கவில்லை. சின்ன வயதிலேயே ஆப்ரி கேட்டு வளர்ந்தவர் அவர். தன் வீட்டுப் பாட்டைத்தான் பாடினார். சரி, இது போதும்.

இப்போது உங்கள் இரக்கத்துக்கு வருகிறேன். டாலி பார்ட்டனுக்காக மனம் கசிந்திருக்கிறீர்கள். நல்ல மனசு, ஆனால் அதை வேறு இடத்தில் செலவழியுங்கள். டாலி அந்தப் பாட்டை 1973-ல் எழுதினார். காதலனுக்காக அல்ல. போர்ட்டர் வாகனர் என்ற பெரிய பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிக்கொண்டிருந்தவர், தனியாகப் போக முடிவு செய்தபோது, முதலாளியிடம் பேசிப் பேசித் தோற்று, கடைசியில் பாட்டாக எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதம் அது. 1974-ல் கன்ட்ரி வெற்றிப் பட்டியலில் முதலிடம். 1982-ல் ஒரு படத்துக்காகத் திரும்பப் பாடினார், மறுபடியும் முதலிடம். நடுவில் எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். பதிவு நெருங்கிய வேளையில் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, எதிரில் நிற்பது எல்விஸ். அன்று ராத்திரி முழுக்க அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அழுதார், ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. 1992-ல் விட்னி பாடி, பாட்டு 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றபோது, எழுதியவருக்கு வரவேண்டிய பணம் டாலிக்கு வந்தது. இவரா உங்களுடைய எளிய கிராமத்துப் பெண்? விட்னி பாடப் பாட டாலிக்கு லாபம்.

கவர் பாட்டுகள், அதாவது ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடுவது பற்றிப் பேசும்போது எல்லோரும் எழுதியவருக்காகவே அழுகிறார்கள். எழுதியவருக்குச் சட்டம் துணையிருக்கிறது. முதலில் பாடியவருக்கு யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன். இனி உங்கள் கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகித்தான் போவேன்.

ஜானி டாரெல் என்று ஒருவர். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அலபாமாவில் பிறந்தவர், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஒரு விடுதியில் மேலாளராக இருந்தபோது பாடகர் பாபி பேரின் கண்ணில் பட்டுப் பாட வந்தவர். 1965-ல் கர்லி புட்மன் எழுதிய ஒரு பாட்டை முதன்முதலில் பதிவு செய்தார். ‘கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’. அது எங்கும் ஏறவில்லை. அதே வருடம் அந்தப் பாட்டைப் பாடிக் கன்ட்ரி பட்டியலில் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? டாலியின் அதே போர்ட்டர் வாகனர். அதே 1965-ல் ஜெர்ரி லீ லூயிஸும் தன் ஆல்பம் ஒன்றில் பாடினார். அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு 1966-ல் பாடியவர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன் டாம் ஜோன்ஸ். பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம். அத்தோடு உலகத்துக்கு அது டாம் ஜோன்ஸ் பாட்டு. வாகனரே காணாமல் போனார் என்றால் டாரெல் எந்த மூலைக்கு?

எங்கள் ஊரில் அந்தப் பாட்டு நுழைந்ததும் டாம் ஜோன்ஸ் இசைத்தட்டில் ஏறித்தான். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர் எஞ்சின் டிரைவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் டிரைவர் அங்கிள். அந்தக் காலத்தில் அவர்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழியனுப்பு விருந்து; விருந்து முடிந்ததும் கிதார் வரும்; கிதார் வந்ததும் இந்தப் பாட்டு வரும். ஊர் திரும்புகிற பாட்டு என்பதால் ஊரை விட்டுப் போகிறவர்களுக்காகப் பாடினார்கள். ரயிலை விட்டு இறங்குகிறான். அப்பாவும் அம்மாவும் வந்து நிற்கிறார்கள். பொன்நிறக் கூந்தலோடு மேரி ஓடி வருகிறாள். பழைய வீடு, சின்ன வயதில் ஏறி விளையாடிய ஓக் மரம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடுவார்கள். அதோடு பெண்கள் நிறுத்திவிடப் பார்ப்பார்கள்.

டிரைவர் அங்கிள் விடமாட்டார். இடது கையைத் தூக்கினால் கிதார் நிற்க வேண்டும். சிகரெட்டை வராந்தாத் திண்டில் அழுத்தி அணைப்பார். பிறகு மூன்றாவது பத்தியைப் பாடமாட்டார், தட்டில் உள்ளபடியே பேசுவார். விழித்துப் பார்க்கிறேன், சுற்றிலும் நான்கு சாம்பல் நிறச் சுவர்கள். எல்லாம் கனவு. காவலாளி இருக்கிறான், வயதான பாதிரியார் இருக்கிறார். விடிந்ததும் கைகோத்துக்கொண்டு நடக்கப் போகிறோம். அதாவது தூக்குமேடைக்கு. அந்த ஓக் மர நிழலில் எல்லோரும் வருவார்கள், என்னைப் புல்லுக்கடியில் வைக்க. அவர் மனைவி ஒவ்வொரு தடவையும், “இன்னைக்குப் போய் இது வேணுமா?” என்று கடிந்துகொள்வார். “பாட்டுன்னா முழுசாப் பாடணும் மேன்” என்பார் இவர், மனைவியிடம் அல்ல, கிதார்க்காரனிடம். அந்த வராந்தாவில் இருந்தவர்களில் இப்போது இந்தியாவில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை.

டாம் ஜோன்ஸ் நன்றாகப் பாடவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் பேச்சுப் பகுதியில் அவர் தன் பெரிய குரலை அடக்கி வைப்பதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இப்படி ஒரு பாட்டை முதல் ஆளாகப் பாடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் அல்லவா? ஊருக்கு வருகிறவன் பாட்டு என்று நம்ப வைத்து, கடைசியில் செத்துப்போகப் போகிறவன் பாட்டு என்று காலை வாரிவிடுகிற பாட்டு. இதை யாருமே பாடிக் கேட்டதில்லை என்கிற நிலையில், எந்த வேகத்தில் பாடுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் தானே தீர்மானித்தாக வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அது போட்டுவைத்த பாதை. டாம் ஜோன்ஸுக்கு லூயிஸ் இருந்தார். டாரெலுக்குத் தாளில் எழுத்தும் மெட்டும்தான்.

ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாம். மெல் டில்லிஸ் எழுதிய ‘ரூபி, டோன்ட் டேக் யுவர் லவ் டு டவுன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் கால் செயலிழந்து படுத்துக் கிடப்பவன், மனைவி உதட்டுச் சாயம் பூசி, தலை சீவி வெளியே கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு பேசுகிற பாட்டு. வேலன் ஜென்னிங்ஸ் தன் ஆல்பத்தில் ஒரு மூலையில் பாடி வைத்திருந்தார். 1967-ல் அதைக் கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் ஏற்றியவர் டாரெல். 1969-ல் கென்னி ராஜர்ஸ் பாடினார். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் கென்னி ராஜர்ஸ் பாட்டு என்றுதான் சொல்வார்கள். டல்லஸ் ஃபிரேசியர் எழுதிய ‘தி சன் ஆஃப் ஹிக்கரி ஹாலர்ஸ் டிராம்ப்’ இன்னொன்று. கணவன் விட்டுவிட்டு ஓடிப்போக, பதினான்கு பிள்ளைகளைக் காப்பாற்ற உடம்பை விற்ற தாயைப் பற்றி மகன் நன்றியோடு பாடுவது. அதையும் டாரெல் 1967-ல் பாடினார். அடுத்த வருடம் ஓ. சி. ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகர் பாட, பிரிட்டனில் இரண்டாம் இடம். (உங்கள் கொள்கைக்கு இதில் தீனி இருக்கிறது என்று துள்ள வேண்டாம். ஸ்மித்தின் குரலுக்கு முன்னால் டாரெலின் காது அந்தப் பாட்டைக் கண்டுபிடித்திருந்தது.)

தூக்குக் கைதி, முடமான சிப்பாய், விபச்சாரியின் மகன். வானொலிக்காரர்கள் முகம் சுளிக்கும் ஆட்கள். மூன்று பாட்டையும் டாரெல் எழுதவில்லை. ஆனால் மூன்றிலும் சீக்கிரமே போய் நின்றிருக்கிறார். அவரிடம் இருந்தது பாட்டைத் தேர்ந்தெடுக்கிற காது. அந்தக் காதுக்குச் சட்டத்தில் இடமில்லை.

அமெரிக்காவில் 1909-ல் வந்த பதிப்புரிமைச் சட்டம் இப்படிச் சொன்னது: ஒரு பாட்டு எழுதியவரின் சம்மதத்தோடு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கட்டினால் போதும். அந்த 2 சென்ட் 1970-களின் கடைசி வரை மாறவே இல்லை. அந்தக் காசு பதிப்பாளருக்கும் எழுதியவருக்கும் போகும். முதலில் பாடியவருக்கு அதில் கால் சென்ட்கூடக் கிடையாது. வானொலியும் அப்படித்தான். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. டாம் ஜோன்ஸ் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் கர்லி புட்மனுக்குப் பங்கு போனது. போகட்டும், அவர் எழுதியவர், டாலிக்கு முதல் கன்ட்ரி வெற்றியைத் தந்த ‘டம் பிளாண்ட்’ பாட்டும் அவர் எழுதியதே. ஆனால் அந்தப் பாட்டை முதலில் நம்பி வாய் திறந்தவனுக்கு என்ன?

‘அப்படியானால் கவர் பாடுவதே தவறா’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டம் இல்லையென்றால் ரே சார்ல்ஸ் இல்லை, டாம் ஜோன்ஸ் இல்லை, பொன்மலை வராந்தாவில் அந்தப் பாட்டே இல்லை. கதவு திறந்து கிடப்பது நல்லதுதான். நான் கேட்பதெல்லாம் ஒன்றே. இசைத்தட்டு உறையில் எழுதியவர் பெயரை அச்சிடுகிறோமே, பக்கத்தில் ‘முதலில் பாடியவர்’ என்று ஒரு வரி போட என்ன கேடு? ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, “அதனால் அவருக்கு ஒரு காசு வருமா?” என்று கேட்டார். வராது. கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பவர் அவர், வேறு எப்படிக் கேட்பார்?

டாரெல் 1997-ல் இறந்தார். அவர் பெயரில் பெரிய வெற்றி என்று ஒன்று உண்டு. பாபி கோல்ட்ஸ்பரோ எழுதிய ‘வித் பென் இன் ஹாண்ட்’, 1968-ல் கன்ட்ரி பட்டியலில் மூன்றாம் இடம். விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவளிடம் கணவன் பேசுகிற பாட்டு. இணையத்தில் கிடைக்கிறது. மகளையும் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள், கல்யாணம் முடிந்த பிறகு. பாட்டின் பெயரோடு டாரெல் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் 1969-ல் விக்கி கார் பாடியதுதான் முன்னால் வந்து நிற்கும்.