கீபோர்டு கைமாறியது, லைசென்ஸ் கைமாறவில்லை

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் இன்னிசைக் குழுவில் வாசிக்கிறேன். ஆர்ட்டூரியா கம்பெனியின் மினிலேப் எம்கே2 கீபோர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். என் லேப்டாப் விண்டோஸ் 7; கீபோர்டுக்கு ஒலி தரும் மென்பொருளான அனலாக் லேப் V அதில் இன்ஸ்டால் ஆகவே இல்லை. நண்பரின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் போட்டால் 20 நிமிடத்தில் ஒலி நின்றுவிடுகிறது. கட்டைகள் பேசுகின்றன, நாப்களைத் திருகினால் திரையில் ஒன்றும் அசைவதில்லை. ஆடித் திருவிழாவுக்குள் சரியாகுமா?

பதில்: சரியாகும். 20 நிமிடத்தில் நிற்பது பழுதல்ல. ஆர்ட்டூரியா மென்பொருள் லைசென்ஸ் இல்லாமல் டெமோவாக ஓடினால் ஒரு தடவைக்கு அவ்வளவு நேரம்தான் ஒலிக்கும். லைசென்ஸ் கீபோர்டுக்குள் இருப்பதில்லை. முதலில் வாங்கியவர் தன் அக்கவுண்டில் பதிந்திருந்தால் அது அங்கேதான் கிடக்கும்.

கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் சீரியல் நம்பரும் அன்லாக் கோடும் இருக்கும். ஆர்ட்டூரியா தளத்தில் உங்கள் பெயரில் அக்கவுண்ட் தொடங்கி இரண்டையும் பதியுங்கள். ஏற்கெனவே பதிவானது என்று வந்தால் விற்றவரைப் பிடியுங்கள். அவர் தன் அக்கவுண்டிலிருந்து பதிவை விடுவிக்க வேண்டும். அவருடைய பாஸ்வேர்டை வாங்கி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு லைசென்ஸுக்கு 5 கணினிதான் கணக்கு. அவர் என்றைக்காவது உங்கள் லேப்டாப்பை நீக்கினால் கச்சேரி நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இனிமேல் பழையது வாங்கினால், விற்பவர் உங்கள் கண்முன்னே பதிவை விடுவித்த பிறகே பணம் கொடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

பதிவு முடிந்ததும் லேப்டாப்பில் ஆர்ட்டூரியா சாஃப்ட்வேர் சென்டர் என்ற மென்பொருளைத் திறந்து ஆக்டிவேட் செய்யுங்கள். இதற்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும். பிறகு மேடையில் நெட் இல்லாமலே ஓடும். கீபோர்டோடு வந்தது லைட் லைசென்ஸ் என்பதால் முழுப் பதிப்பின் எல்லா ஒலிகளும் திறக்காது.

நாப் விஷயம் சின்னது. இந்த மாடலில் 8 மெமரி (நாப், பேட் அமைப்புகளைச் சேமிக்கும் இடங்கள்) உண்டு, முதலாவது அனலாக் லேபுக்கென்றே ஒதுக்கியது. முன்பு வைத்திருந்தவர் வேறொன்றில் விட்டிருப்பார். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு முதல் பேடைத் தட்டுங்கள். அனலாக் லேப் செட்டிங்கில் கன்ட்ரோலராக மினிலேப் எம்கே2 தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கீபோர்டு அமைப்புகளை மாற்றும் மிடி கன்ட்ரோல் சென்டர் மென்பொருளைத் திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி போர்ட்டை (கீபோர்டின் சைகைகள் வரும் வழியை) ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும்.

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு போராடுவது வீண். அனலாக் லேப் V-க்கு 64 பிட் விண்டோஸ் 10 போடுங்கள். கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'சிஸ்டம் டைப்' 32 பிட் என்று காட்டினாலும், ப்ராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். அப்படியானால் முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டால் போதும். ரேம் 4 ஜிபி ஒப்பேற்றும், மேடைக்கு 8 இருப்பதே நிம்மதி.

இரண்டு லேப்டாப்பிலும் ஒரே வெர்ஷன் இருக்கட்டும். புதிய வெர்ஷனில் சேமித்த ஒலி பழைய வெர்ஷனில் திறக்கும் என்று நம்ப முடியாது. முந்தைய அனலாக் லேப் 4-ம் V-யும் தனித்தனி ப்ளக்-இன்கள் (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்கள்). 4-ல் செய்த பழைய ப்ராஜெக்ட் V-யைத் தானாக எடுத்துக்கொள்ளாது. திருவிழா முடியும்வரை எதையும் அப்டேட் செய்யாதீர்கள், தயவுசெய்து.

மேடையில் ஆசியோ டிரைவரில் (ஒலியைத் தாமதமின்றி வெளியே அனுப்பும் டிரைவர்) பஃபர், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித்துணுக்குகள், 256 வையுங்கள். சாம்பிள் ரேட் 44,100-ல் அது சுமார் 6 மில்லிசெகண்ட் தாமதம், விரலுக்குத் தெரியாது. 'டப் டப்' என்று வெடித்தால் 512. ஜெனரேட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்வதால் வரும் இரைச்சல். மிக்சருக்குப் போகும் கேபிளில் டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டிவிடுங்கள். சார்ஜரின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். பந்தல் ஈரத்தில் உயிருக்கே ஆபத்து.